பெரிய கச்சேரி முடிந்து நள்ளிரவில் வட சென்னை திரும்பியவர்கள் உண்டா?

கடைசிவரிசை (சனி, இரவு 9:12)

போன வாரம் ஈசிஆர் பக்கம் நடந்த இரண்டு நாள் திறந்தவெளி இசை விழாவுக்கு நானும் அக்காவும் அக்கா மகளும் போய் வந்தோம். விழாவின் பெயர் வேண்டாம். சொன்னால் இழை சண்டைக்குப் போய்விடும். நாங்கள் இருப்பது தண்டையார்பேட்டை.

மதியம் 12:30க்குக் கிளம்பினோம். மெட்ரோ, பஸ், திருவான்மியூரில் இன்னொரு பஸ், கடைசியாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை. உள்ளே போகும்போது மணி 3:15. வாசலில் கையில் பட்டை கட்டினார்கள், பையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிப் பெரிய டிரம்மில் போட்டார்கள். உள்ளே அதே அளவு பாட்டில் 60 ரூபாய். அத்தோ (பர்மா நூடுல்ஸ்) 220 ரூபாய். பாரிமுனையில் பேஜோவோடு சேர்த்துச் சாப்பிட்டாலும் அதில் பாதி ஆகாது. சரி, விழா என்றால் அப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம்.

எங்கள் டிக்கெட்டுக்குக் கிடைத்தது கடைசித் தடுப்பு. மேடையில் இருப்பவர் கட்டைவிரல் உயரம்தான் தெரிவார். திரையைப் பார்த்துத்தான் யார் பாடுகிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும். அரை மணி நேரம் கழித்து அக்கா மகள் (11 வயது) என் சட்டையை இழுத்து, "மாமா, அந்த டிரம்ஸ் அண்ணன் கை கீழ வந்து, திரும்ப மேல போனப்புறம்தான் சத்தம் வருது" என்றாள். அதுவரை நான் கவனிக்கவே இல்லை. அப்புறம் அதைத் தவிர வேறு எதையும் கவனிக்க முடியவில்லை.

ஆனால் பொழுது சாயும் நேரத்தில் ஒன்று நடந்தது. பாடகர் பல்லவியைப் பாதியில் நிறுத்திவிட்டு மைக்கை எங்கள் பக்கம் நீட்டினார். முன்னால் இருந்தவர்கள் பாட ஆரம்பித்தார்கள். அந்தக் குரல் அலை மாதிரி பின்னால் வந்தது. எங்களிடம் வந்து சேரும்போது முன்வரிசை அடுத்த வரிக்குப் போயிருக்கும்போல. யாரும் யாரோடும் சேரவில்லை, ஆனாலும் எல்லோரும் பாடினோம். அக்கா அழுதுவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

10 மணிக்கு முடிந்தது. மைதானத்தை விட்டு வெளியே வர 11:10. ஒரே வழி, அதிலும் பாதியை வண்டிகள் அடைத்திருந்தன. போனில் சிக்னல் இல்லை. மெட்ரோ 11 மணியோடு முடிகிறது. ஆட்டோவுக்கு 1400 கொடுத்து வீடு வரும்போது 1:50.

என் கேள்வி இரண்டு. உங்களுக்கும் இப்படித்தானா? இந்த மாதிரி ஒன்று நம் பக்கம் ஏன் வருவதில்லை?

மைக்செட்காரன் (சனி, இரவு 9:58)

தம்பி, உங்கள் அக்கா மகளை என்னிடம் வேலைக்கு அனுப்புங்கள். 26 வருடமாக வியாசர்பாடியில் மைக்செட் வைத்திருக்கிறேன். குழாய் ஸ்பீக்கர் காலத்தில் ஆரம்பித்து, பாக்ஸ் வந்து, இப்போது ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிடும் லைன் அரே ஸ்பீக்கர் வரை பார்த்தாகிவிட்டது. அவள் சொன்னதுதான் இந்தத் தொழிலில் பாதி.

ஒலி ஒரு செகண்டுக்கு 340 மீட்டர் சொச்சம் போகும். வெயில் ஏறினால் கொஞ்சம் கூடும். நீங்கள் மேடையிலிருந்து 170 மீட்டர் தள்ளி நின்றால் அரை செகண்ட் தாமதம். கண் உடனே பார்த்துவிடும், காது காத்திருக்கும்.

அந்தத் தாமதத்தை அழிக்க முடியாது. ஆனால் பின்னால் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்க வைக்கலாம். அதற்குத்தான் மைதானத்தின் நடுவில் டிலே டவர், அதாவது ஸ்பீக்கர் கட்டிய கோபுரம், நிறுத்துவார்கள். மேடை ஸ்பீக்கரிலிருந்து ஒலி அந்த டவர் வரை நடந்து வர எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம் டவரின் ஒலியைப் பிடித்து வைத்து விட வேண்டும். அதோடு ஒரு பத்து, பதினைந்து மில்லி செகண்ட் கூடப் போட்டுவிடுவோம். காரணம், இரண்டு பக்கமிருந்து ஒரே ஒலி வந்தால் முதலில் வந்த பக்கத்தைத்தான் காது நம்பும். அப்போது பக்கத்து டவர் கத்தினாலும் பாட்டு மேடையிலிருந்தே வருகிற மாதிரி இருக்கும். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும். கோயில் திருவிழாவில் தெரு முழுக்கக் குழாய் கட்டும்போது கேட்டிருப்பீர்களே, அதுதான்.

கூட்டம் பாடியது அலையாக வந்ததும் இதே கணக்குதான். நீங்கள் 200 மீட்டரில் நின்றால் உங்களுக்குப் பாட்டு வந்து சேர அரை செகண்டுக்கு மேல். நீங்கள் பாடியது மேடைக்குத் திரும்பிப் போக அதே அளவு. ஆக, மேடையில் நிற்பவருக்கு உங்கள் குரல் ஒரு செகண்டுக்கு மேல் பிந்திக் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு பாடினால் தாளம் கவிழ்ந்துவிடும். அதனால்தான் பாடகர்கள் காதுக்குள் குமிழ் மாதிரி குட்டி ஸ்பீக்கரை மாட்டிக்கொண்டு அதை மட்டும் கேட்டுப் பாடுகிறார்கள்.

இன்னொன்று, கடற்கரைப் பக்கம் காற்று. மேடை ஒலிக்கு எதிராகக் காற்று அடித்தால் ஒலி மேலே வளைந்து போய்விடும், பின்வரிசையில் இருப்பவர் தலைக்கு மேல். காற்றோடு போனால் கீழே வளையும். மதியத்துக்குமேல் கடல் காற்று வரும் ஊரில் மேடையை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்பதை டெக்கரேஷன்காரர் முடிவு செய்யக் கூடாது. ஆனால் அவர்தான் முடிவு செய்கிறார்.

ராயபுரத்தாள் (சனி, இரவு 10:31)

எல்லோரும் ஒலியைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் கழிப்பறையைப் பற்றிப் பேசுகிறேன்.

போன வருடம் இதே மாதிரி ஒரு விழாவுக்கு அலுவலகத் தோழிகள் நான்கு பேர் போனோம். பெண்கள் பக்கம் வரிசை அரை மணி நேரத்துக்குக் குறையவில்லை. உள்ளே போனால் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்ள ஒருத்தி போக வேண்டும். ஆறு மணிக்குள் தண்ணீரும் தீர்ந்துவிட்டது. இது தெரிந்துதான் நாங்கள் மதியத்திலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. நம் வீட்டுப் பெண்கள் கல்யாணம், ஊர்வலம், பஸ் பயணம் எல்லாவற்றுக்கும் செய்வது இதைத்தானே. வெயிலில் ஐந்து மணி நேரம் நின்றதில் ஒருத்திக்குத் தலை சுற்றிவிட்டது.

2024 அக்டோபர் 6 மெரினா விமான சாகசம் நினைவிருக்கிறதா? அது கச்சேரி இல்லைதான். ஆனால் லட்சக்கணக்கில் கூட்டம், உச்சி வெயில், குடிக்கத் தண்ணீர் இல்லை, திரும்பிப் போக வழி இல்லை. ஐந்து பேர் செத்துப்போனார்கள். வாசலில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி டிரம்மில் போடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

கடைசிவரிசை (சனி, இரவு 10:40)

அக்கா, நான் இதை எழுதவே இல்லை பாருங்கள். என் அக்காவும் தண்ணீர் குடிக்கவில்லை. 60 ரூபாய் என்பதால் என்று நினைத்திருந்தேன்.

பழையவண்ணை (ஞாயிறு, காலை 6:20)

எனக்கு 67 வயது. விடியற்காலை எழுந்து இதைப் படித்தேன். "நம் பக்கம் ஏன் வருவதில்லை" என்று கேட்கிறார் தம்பி. வராமல் என்ன, நாங்கள் அதில்தான் வளர்ந்தோம்.

ஆடி மாதம் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று ராத்திரி மெல்லிசைக் கச்சேரி. தெருவின் ஒரு முனையில் பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டி மேடை. மாலையிலேயே வீட்டுக்கு ஒருவர் பாய் கொண்டு போய் இடம் பிடிப்பார். என் அம்மா தலையணையோடு வருவார். எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து மேடை நாற்பது அடி. தூக்கம் வந்தால் பாயிலேயே தூங்கலாம், நல்ல பாட்டு வந்தால் பக்கத்து வீட்டம்மா தட்டி எழுப்புவார். சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்தால் பாடுவார்கள். கூட ஐந்து ரூபாய் வைத்துக் கொடுத்தால் சீக்கிரம் பாடுவார்கள். விடியற்காலை மூன்று, நான்கு வரை போகும். கடைசிப் பாட்டு முடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு பத்தடி நடந்தால் வீடு. 1400 ரூபாய் ஆட்டோ எல்லாம் எங்களுக்குத் தெரியாது.

இப்போது பத்து மணிக்கு போலீஸ் வண்டி வந்து நின்றுவிடுகிறது. எட்டு மணிக்கு ஆரம்பித்தால் சாமி பாட்டு இரண்டு, விருந்தினருக்குப் பொன்னாடை, அவ்வளவுதான் நேரம்.

மாடிவீடு (ஞாயிறு, காலை 8:05)

ஐயா, மன்னிக்க வேண்டும். அந்த போலீஸ் வண்டியைக் கூப்பிடுகிறவன் நான்தான்.

கொடுங்கையூர் பக்கம் ஒரு மைதானத்துக்கு எதிரே இரண்டாவது மாடி. அப்பாவுக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது. மகன் பன்னிரண்டாம் வகுப்பு. நீங்கள் ஒரு நாள் வந்து கேட்டுவிட்டுப் போகிறீர்கள், எனக்கு அது வருடத்துக்கு முப்பது நாள். பேஸ் அடிக்கும்போது சன்னல் கம்பி அதிரும். கதவைச் சாத்தினால் பாட்டுப் போய்விடும், அந்த 'தும் தும்' மட்டும் நெஞ்சுக்குள் நிற்கும்.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி என்று ஒன்று இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலை விழாவுக்காக மாநில அரசு வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். இதை நான் அச்செடுத்து வீட்டில் வைத்திருக்கிறேன்.

டோலக்கு (ஞாயிறு, காலை 9:17)

மாடிவீட்டு சார், அந்தக் காகிதத்தைக் கட்சிக் கூட்டத்துக்கும் எடுத்துக்கொண்டு போவீர்களா? அரசியல்வாதி பதினொன்றரை வரை பேசினால் சன்னல் கம்பி அதிராதா? கானா பாடினால் மட்டும்தான் அதிருமா?

மாடிவீடு (ஞாயிறு, காலை 9:25)

எல்லாவற்றுக்கும்தான் போன் போட்டிருக்கிறேன். கச்சேரிக்கு மட்டும் வருகிறார்கள். அது என் குற்றமா?

மட்டுறுத்துநர் (ஞாயிறு, காலை 9:40)

கட்சிப் பேச்சு வேண்டாம். இதற்குமேல் போனால் பூட்டிவிடுவேன்.

மைக்செட்காரன் (ஞாயிறு, காலை 10:02)

மாடிவீட்டு சார் சொல்வதில் பொய் இல்லை. பேஸ் சுவரைத் தாண்டும், குரல் தாண்டாது. ராத்திரி தரை குளிர்ந்து மேலே காற்று சூடாக இருந்தால் ஒலி மேலே போகாமல் வளைந்து கீழே இறங்கும். மைதானத்துக்கு எதிரே இருப்பவரைவிட அரை மைல் தள்ளி இருப்பவர் திட்டுவதும் உண்டு. நாலு பக்கமும் பாக்ஸை அடுக்குவதற்குப் பதில், சின்ன ஸ்பீக்கர் நிறைய வைத்து, தணிவாகத் தொங்கவிட்டு, கூட்டத்தின் மேல் மட்டும் விழும்படி செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் வாடகை இரண்டு பங்கு. "சத்தம் பத்தலியே" என்று விழாக்குழுத் தலைவர் வேறு வந்து நிற்பார்.

டோலக்கு (ஞாயிறு, காலை 11:30)

காலையில் சூடாகப் பேசிவிட்டேன், சார் கோபித்துக்கொள்ள வேண்டாம். என் கதையைச் சொல்கிறேன்.

நான் டோலக் வாசிப்பவன். பழகியதெல்லாம் சாவு வீட்டில்தான். பந்தலுக்குக் கீழே வட்டமாக உட்காருவோம், கேட்கிறவர்கள் முட்டிக்கு முட்டி உரசிக்கொண்டு இருப்பார்கள். பாடுகிறவர் இறந்தவரின் பெயரை வைத்து ஒரு வரி கட்டினால், அந்தப் பக்கம் அவர் மகள் விம்முவது எனக்குக் கேட்கும். அதற்கேற்ப கையைத் தளர்த்துவேன்.

2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம் சிஎஸ்ஐ பெயின் பள்ளி மைதானம். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் கச்சேரி. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. நுழைவு இலவசம். நான் கூட்டத்தில் நின்றேன். எங்கள் தெருவில் கேட்ட அதே தாளம் அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் வந்து நெஞ்சில் அடித்தபோது எனக்குக் கால் ஓடவில்லை. பக்கத்தில் நின்ற பையன் ஆங்கிலத்தில் போன் பேசிக்கொண்டிருந்தவன், அவனும் ஆடினான். அங்கே நான் கடைசி வரிசையில்தான் இருந்தேன். கை முந்தியதா சத்தம் முந்தியதா என்றெல்லாம் பார்க்கத் தோன்றவில்லை.

அதற்கு அடுத்த அடுத்த வருடங்களில் எனக்கே பெரிய மேடை கிடைத்தது. ஊர் பேர் வேண்டாம். பெரிய பேண்டுகளுக்கு மதியமே ஒரு மணி நேரம் சவுண்ட் செக், அதாவது மேடையில் வாசித்துப் பார்த்து ஒலியைச் சரிசெய்வது. எங்களுக்கு? "நேரா ஏறி வாசிங்கண்ணா, பாத்துக்கலாம்." ஏறினால் என் டோலக் எனக்கே கேட்கவில்லை. எதிரே இருந்த கட்டடத்தில் மோதித் திரும்பி வந்த ஒலிதான் கேட்டது. எட்டு நிமிடம். கீழே இறங்கியதும் "செமண்ணா" என்று தோளில் தட்டினார்கள். பாட்டி செத்த வீட்டில்கூட நான் அவ்வளவு மோசமாக வாசித்ததில்லை.

ராயபுரத்தாள் (ஞாயிறு, மதியம் 12:10)

அந்தக் காஸ்ட்லெஸ் கலெக்டிவில் பாடிய எங்கள் ராயபுரத்து கானா பாடகி இசைவாணி 2020ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் வந்தார். பெண் கானா பாடுவதா என்று கேட்ட தெருக்களில் அன்று இனிப்புக் கொடுத்தார்களோ இல்லையோ, நான் என் வீட்டில் கொடுத்தேன்.

ரெக்கார்டுபெட்டி (ஞாயிறு, மதியம் 2:45)

பெரிய விழா என்றாலே எல்லோரும் இழுக்கும் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவை இன்னும் யாரும் இழுக்கவில்லை, நான் இழுக்கிறேன். 1969 ஆகஸ்ட், நியூயார்க் மாநிலத்தில் பெத்தெல் என்ற ஊரில் மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால் பண்ணை நிலம். ஐம்பதாயிரம் பேர் என்று ஊராரிடம் சொல்லிவைத்த இடத்தில் நான்கு லட்சத்துக்கும் மேல் வந்தார்கள். வேலி கட்டி முடியவில்லை, அதனால் விழா இலவசமாகிவிட்டது. சாப்பாடு தீர்ந்தது, சாலை முழுக்க நின்ற கார்கள். கலைஞர்களை ஹெலிகாப்டரில் கொண்டு வந்தார்கள்.

அங்கே தொடக்க நாளில் மேடையேறி ஆசியுரை சொன்னவர் யார் தெரியுமா? சுவாமி சச்சிதானந்தா. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் பிறந்தவர். அன்று ராத்திரி ரவிசங்கர் மழையில் சிதார் வாசித்தார், அல்லா ரக்கா தபலா. அந்தச் சூழல் தனக்குப் பிடிக்கவில்லை என்று ரவிசங்கர் பின்னாளில் சொன்னார். சேறும் புகையுமாக இருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஞாயிறு இரவு முடித்து வைக்க வேண்டியது, இழுத்து இழுத்துத் திங்கள் காலையில்தான் மேடையேறினார். அதற்குள் பெரும்பாலான கூட்டம் கிளம்பிப் போயிருந்தது. வேலைக்குப் போக வேண்டுமே! அங்கேயும் கடைசி ரயில் பிரச்சினைதான்.

வெள்ளைக்கோட்டு (ஞாயிறு, மாலை 4:20)

நான் நர்ஸ். இரண்டு விழாக்களில் முதலுதவிக் கூடாரத்தில் இருந்திருக்கிறேன். வந்தவர்களில் பாதிப் பேர் மயக்கம், மீதி கால் சுளுக்கு. ஆனால் நாங்கள் பயப்படுவது நெரிசலுக்கு. ஒரு சதுர மீட்டரில் நாலு பேர் வரை தாங்கலாம். ஐந்து, ஆறு என்று போனால் நீங்கள் நடப்பதில்லை, கூட்டம் உங்களைத் தூக்கிக்கொண்டு நடக்கும். 2000ல் டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் 9 பேர், 2021ல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோவேர்ல்டில் 10 பேர் இறந்தது இப்படித்தான். பெரும்பாலும் மிதிபட்டுச் சாவதில்லை. நின்றபடியே மூச்சு விட இடமில்லாமல்தான் போகிறார்கள்.

தோள் இரண்டு பக்கமும் இடிபட ஆரம்பித்தாலே விலகிவிடுங்கள், பாட்டு முடியட்டும் என்று நிற்காதீர்கள். மாட்டிக்கொண்டால் கைகளைக் குத்துச்சண்டைக்காரர் மாதிரி நெஞ்சுக்கு முன்னால் மடித்து வையுங்கள். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், ஒவ்வொரு அலைக்கும் நடுவில் சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள். போன் கீழே விழுந்தால் விழட்டும்.

குழந்தையோடு போகிறவர்கள் போனை நம்ப வேண்டாம். எண்ணை அதன் கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். கடைசிவரிசை தம்பி, நீங்கள் எழுதினீர்களா?

கடைசிவரிசை (ஞாயிறு, மாலை 4:33)

இல்லை அக்கா. பட்டையில் ஏதோ நம்பர் இருந்தது, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

மணலிலாரி (ஞாயிறு, மாலை 6:15)

நம் பக்கம் எங்கே நடத்துவது என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் லாரி ஓட்டுகிறேன், எனக்கு இடமெல்லாம் தெரியும். ராபின்சன் மைதானம்? சின்னது, நாலு பக்கமும் வீடு. திருவொற்றியூர் கடற்கரை? கடல் அரித்து அரித்து பாறை கொட்டியாகிவிட்டது, மணலே இல்லை, பாறைமேல் உட்கார்ந்தா பாட்டுக் கேட்பீர்கள்? எண்ணூர், மணலி பக்கம் காலி இடம் கிடைக்கும். ஆனால் சாலை முழுக்க எங்கள் கன்டெய்னர் லாரிகள். கச்சேரி முடிந்து வெளியே வருகிற பிள்ளைகளும் டிரெய்லரும் ஒரே சாலையில். நினைக்கவே பயமாக இருக்கிறது.

பழையவண்ணை (ஞாயிறு, இரவு 7:02)

தீவுத்திடல் இருக்கிறதே?

மணலிலாரி (ஞாயிறு, இரவு 7:04)

பெரியவரே, தீவுத்திடல் வட சென்னையா?

பழையவண்ணை (ஞாயிறு, இரவு 7:11)

நான் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து பொருட்காட்சிக்கு அங்கே நடந்தே போயிருக்கிறேன். நடந்து போகிற தூரத்தில் இருப்பதெல்லாம் எங்கள் பக்கம்தான்.

ராயபுரத்தாள் (ஞாயிறு, இரவு 7:30)

ஐயா சொல்வது சரி. சென்ட்ரல், அரசினர் தோட்டம் இரண்டு மெட்ரோவும் பக்கம். விம்கோ நகர் வரை நேர் ரயில், 2021லிருந்து ஓடுகிறது. ஐபிஎல் சமயத்தில் மேட்ச் டிக்கெட்டைக் காட்டி மெட்ரோவில் போனோம், கடைசி ரயிலையும் தள்ளி விட்டார்கள். கிரிக்கெட்டுக்கு முடிவது பாட்டுக்கு முடியாதா? டிக்கெட் விற்கும்போதே வீட்டுக்குப் போகிற ரயிலையும் சேர்த்து விற்கட்டும். அப்புறம் கழிப்பறை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

மாடிவீடு (ஞாயிறு, இரவு 8:15)

தீவுத்திடல் என்றால் என் வீட்டுக்குக் கேட்காது. நானே டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறேன். பத்து மணிக்கு முடிய வேண்டும்.

டோலக்கு (ஞாயிறு, இரவு 8:22)

சார், எங்களுக்கு சவுண்ட் செக் கொடுத்தால் ஒன்பதரைக்கே முடித்துவிடுவோம்.

கடைசிவரிசை (செவ்வாய், இரவு 8:50)

ஒரு சின்னச் செய்தி. இன்று சாயங்காலம் மீன் வாங்க அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு காசிமேடு போனேன். துறைமுகத்தில் எதிர்க்கரையில் ஒருவர் படகுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். இவள் நின்றுவிட்டாள். சுத்தி இறங்குகிறது, சத்தம் இல்லை. சுத்தி மேலே போகிறது, 'டொக்'. வஞ்சிரத்துக்கு நான் பேரம் பேசி முடிக்கும்வரை நகரவே இல்லை. "மாமா, கிட்டத்தட்ட அரை செகண்ட்" என்றாள்.

மைக்செட்காரன் (செவ்வாய், இரவு 9:05)

அப்படியானால் 170 மீட்டர். அடுத்த முறை போகும்போது என் டேப்பைக் கொடுத்து அனுப்புகிறேன், அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வஞ்சிரம் என்ன விலை?